ஓடமும் ஒருநாள் தோளில் ஏறும்

படகுப் போட்டியில் ஜெயிக்க வேண்டுமானால் முதலில் நன்றாக ஓடத் தெரிய வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் கிளம்பி டர்பன் கடலோரத்தில் முடிகிற டூசி கனூ மாரத்தானில் பாதிச் சண்டை கரையில்தான் நடக்கிறது. மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாள். உம்சுந்தூசி ஆறு, இங்கே எல்லோருக்கும் டூசி, ஊரைத் தாண்டியதும் மலைகளுக்குள் நுழைந்து நெளிந்து உம்கேனியில் போய்ச் சேர்கிறது. உம்கேனி கடலுக்குப் போகிறது. ஆறு பெரிதாக வளைகிற இடத்திலும் பாறை அதிகமான இடத்திலும் போட்டியாளர்கள் கரையேறி, படகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குன்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி தண்ணீரில் போடுகிறார்கள். போர்ட்டேஜ் என்பார்கள். சும்மா நடப்பதில்லை, ஓட்டம். பிப்ரவரி வெயிலில், ஈரச் செருப்புச் சத்தத்தோடு, செங்குத்துச் சரிவில் ஓட்டம்.

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே வண்டி போகாத மலை, அதனால் ஓடம் மனுஷன் தோளில் ஏறிக்கொள்கிறது.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மாரிட்ஸ்பர்கின் ரெய்ஸ்தோர்ப் பகுதிக்கு வந்தவள். என் வீட்டுக்காரரின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் நடந்த அந்த ஆளெடுப்பில் எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் தீராத விவாதம். வீட்டில் தமிழ் மாமியாரிடமும் கோயிலிலும் மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலம்தான், ஆனால் சித்தி, பெரியம்மா, தாத்தா எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என் மச்சாண்டார் மகள் என்னைச் ‘சித்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டே டூசிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அப்படித்தான் எனக்கு இந்தப் படகு விவகாரம் ஒட்டிக்கொண்டது. நான் அவளுக்கு ‘செகண்ட்’. போட்டியாளருக்குச் சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துடுப்பு, திட்டு, ஆறுதல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மலைப்பாதையில் பக்கியை ஓட்டி, அவர்களுக்கு முன்னால் அடுத்த கரைக்குப் போய்ச் சேருகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். பக்கி என்றால் பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி. இந்த நாட்டில் பக்கி இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது கஷ்டம்.

துடுப்புப் போட்டியின் சரித்திரத்தை எடுத்தால் எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்குவார்கள். ஜான் மெக்ரெகர் என்கிற ஸ்காட்டிஷ் வக்கீல், 1865-இல் ‘ராப் ராய்’ என்று பெயர் வைத்த சின்னப் படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றினார், அடுத்த வருஷமே இங்கிலாந்தில் கனூ கிளப் தொடங்கினார் என்று. உண்மைதான். அதற்குப் பல நூறு வருஷம் முன்பே வடதுருவத்து இனுயிட் மக்கள் சீல் தோலைச் சட்டத்தில் இழுத்துத் தைத்து கயாக் செய்து வேட்டைக்குப் போனார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையில் கனூ செய்து, ஆறு முடிந்தால் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஆற்றுக்கு நடந்தார்கள். பிழைப்புக்காக நடந்ததற்கு யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. வசதியுள்ள வக்கீல் பொழுதுபோக்காகச் செய்ததும் அது விளையாட்டாகிவிட்டது. எந்த விளையாட்டின் ஆரம்பத்தைத் தோண்டினாலும் கொஞ்சம் இந்த வாசனை அடிக்கிறது.

மெக்ரெகரைவிட எனக்குச் சுவாரஸ்யமானவர் ஆல்ஃபிரட் ஹாய்ரிச் என்ற ஜெர்மன் மாணவர். 1905-இல் மடக்கி மூட்டை கட்டக்கூடிய கயாக் ஒன்றைச் செய்தார். அந்த வடிவத்தை ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர் வாங்கி, தயாரித்து விற்கத் தொடங்கினார். படகு வைத்துக்கொள்ள ஆற்றங்கரையில் வீடோ கொட்டகையோ வேண்டாம், ரயிலில் மூட்டையாக எடுத்துப் போய் மலையாற்றில் பிரித்துப் போடலாம் என்றானது. மாதச் சம்பளக்காரர்களும் துடுப்புப் பிடித்தார்கள். 1924-இல் கோபன்ஹேகனில் சர்வதேசச் சங்கம் உருவானது. அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகப் பந்தயம் நடந்தது. 1936 பெர்லினில் பதக்கத்தோடு முறைப்படி சேர்ந்தது. அந்த பெர்லினில் மடக்குப் படகுக்கென்றே தனியாக 10,000 மீட்டர் பந்தயம் வைத்தார்கள். அது அந்த ஒரு தடவையோடு சரி.

அதற்கப்புறம் ஒலிம்பிக் போன வழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தூரம் குறைந்துகொண்டே போனது. பத்தாயிரம் மீட்டர் 1956 மெல்பர்னோடு போயிற்று. பிறகு ஆயிரம், ஐந்நூறு, 2012 லண்டனில் இருநூறு. கயிறு கட்டிப் பிரித்த ஓடுபாதை, அசையாத தண்ணீர், பாறை கிடையாது, கரையேற வேலை கிடையாது. பெண்களை 1948-இல்தான் உள்ளே விட்டார்கள், அதுவும் ஒரே ஒரு பந்தயத்துக்கு. ஆனால் நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும் அந்தப் பந்தயங்களுக்குள்ளிருந்துதான் பிர்கிட் ஃபிஷர் வந்தார். கிழக்கு ஜெர்மனிக்காக 1980-இல் மாஸ்கோவில் முதல் தங்கம், ஒன்றான ஜெர்மனிக்காக 2004-இல் ஏதென்ஸில் எட்டாவது தங்கம். இடையில் நாடே மாறிவிட்டது, அவர் கை மாறவில்லை. அதனால் ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடுவது மாரத்தான் பிரிவில் மட்டும் தங்கியது. இங்கிலாந்தில் டிவைசஸிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை, ஸ்பெயினில் செல்லா ஆற்றில் என்று தனித்தனியாக வளர்ந்த நெடுந்தூரப் பந்தயங்களுக்கெல்லாம் சேர்த்து உலகப் போட்டி என்று ஒன்று 1988-இல்தான் நாட்டிங்ஹாமில் நடந்தது. அந்த வகைப் போட்டியில் தென்னாப்பிரிக்கா ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு என் கணக்கில் ஒரு காரணம் உண்டு. 1960 ரோமுக்குப் பிறகு 1992 பார்சிலோனா வரை நிறவெறிக்காக இந்த நாட்டை ஒலிம்பிக் பக்கமே சேர்க்கவில்லை. தட்டையான தண்ணீரில் ஆயிரம் மீட்டருக்குப் பயிற்சி எடுத்து யாரிடம் போய்க் காட்டுவது? உள்ளூர் ஆறுகளில் போட்டி வைத்துக்கொண்டார்கள். கேப் பக்கம் பெர்க் ஆறு, கிழக்கே ஃபிஷ் ஆறு, எல்லாவற்றுக்கும் மூத்ததாக டூசி. ஹாங்க் மெக்ரெகர் பத்துக்கும் மேற்பட்ட மாரத்தான் உலகப் பட்டங்களை அள்ளியதும், 2017 உலகப் போட்டி எங்கள் மாரிட்ஸ்பர்கின் கேம்ப்ஸ் டிரிஃப்ட் கால்வாயில் நடந்ததும் இந்த மண்ணில் முளைத்தவை. ஒலிம்பிக்கில் இந்த நாட்டுக்குத் துடுப்பில் முதல் பதக்கம் 2012-இல்தான் வந்தது. பிரிஜெட் ஹார்ட்லி, ஐந்நூறு மீட்டர், வெண்கலம்.

*

டூசியைத் தொடங்கியவர் இயன் பிளேயர். கோல்ஃப் ஆட்டக்காரர் கேரி பிளேயரின் அண்ணன். பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்ட வனக் காவலராக உலகத்துக்குத் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போய்த் திரும்பிய இளைஞர், மாரிட்ஸ்பர்கிலிருந்து ஆற்று வழியாகவே கடலுக்குப் போய்விடலாமே என்று நினைத்தார். 1951 டிசம்பர் 22-ஆம் தேதி எட்டுப் பேர் கிளம்பினார்கள். டர்பன் வரை போய்ச் சேர்ந்தவர் ஒருவர்தான், அவரே. ஆறு நாள் எட்டே கால் மணி நேரம். வழியில் விரியன் ஜாதிப் பாம்பு ஒன்று கடித்தும் விடாமல் போனார். இன்றைக்கு முன்னணிக்காரர்கள் மூன்று நாள் துடுப்பையும் ஓட்டத்தையும் கூட்டினால் எட்டு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள்.

இதே இரண்டு ஊர்களுக்கு நடுவில் 1921 முதல் காம்ரேட்ஸ் ஓட்டப் பந்தயம் வேறு நடக்கிறது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கடக்கலாம் என்று யோசிப்பதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

‘ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால்’ என்று நாம் திட்டுவதற்குச் சொல்வதை ஆட்ட முறையாகவே மாற்றியவர் கிரேம் போப்-எல்லிஸ். மாரிட்ஸ்பர்க் பக்கத்து விவசாயி. 1972 முதல் 1990 வரை பதினைந்து முறை டூசியை வென்றவர். மற்றவர்கள் எல்லாம் தண்ணீரில் வேகத்தைத் தேடியபோது அவர் கரையில் தேடினார். எந்த வளைவில் இறங்கினால் எவ்வளவு நேரம் மிச்சம், எந்தக் குன்றில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று பள்ளத்தாக்கைக் கரைத்துக் குடித்து வைத்திருந்தார், படகைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகினார். அவர் காலத்துக்குப் பிறகு, ஓடத் தெரியாதவர் டூசியில் முன்னணிக்கு வர முடியாது என்பது விதியாகிவிட்டது. 2010-இல் தன் பண்ணையில் டிராக்டர் விபத்தில் இறந்துபோனார்.

தூக்குவதென்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். இரட்டையர் படகு, கே-2, ஆறரை மீட்டர் வரை நீளம். தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் முதலில் கவிழ்த்து உள்ளே ஏறிய நீரைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். முன்னவள் மூக்குப் பக்கம், பின்னவள் வால் பக்கம். இரண்டு பேர் நடையும் பொருந்தவில்லையென்றால் படகு துள்ளித் துள்ளித் தோள்பட்டை எலும்பிலேயே இறங்கும். பின்னால் வருகிறவளுக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கல், கிளை, பள்ளம் என்று முன்னவள்தான் கத்திக்கொண்டே போக வேண்டும். இவர்கள் இருவரும் கத்துவது ஆங்கிலமும் ஜூலுவும் கலந்த ஒரு பாஷை. கூடப் போகிற பெண் நேகல் அணைப் பக்கத்து ஜூலு வீட்டுப் பிள்ளை, இவளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேர் தோளையும் பார்த்தேன். சட்டைக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்திருந்தும், எலும்பு மேட்டில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வழன்று ஈரமாக மினுக்கியது. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

போட்டி வருவது தைப்பூசத்தை ஒட்டி. கோயிலில் காவடி பார்த்துவிட்டு வந்த சூட்டோடு, படகைத் தோளில் வைத்துத் தெருவில் ஓடிப் பழகுகிற பேத்தியைப் பார்த்த என் மாமியார் கேட்டார்: “இது எந்தச் சாமிக்கு நேர்ந்த காவடிம்மா?”

அவருக்கு இந்தப் போட்டி பிடிக்காது. காரணம் காவடியும் இல்லை, வெயிலும் இல்லை. ஆறு.

*

மாமியார் பிறந்தது டர்பனில் ஸ்பிரிங்ஃபீல்டு. உம்கேனி கடலுக்குப் போகும் முன் படுத்துக்கொள்கிற தாழ்ந்த சமவெளி. ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் அங்கே குத்தகைக்கு நிலம் பிடித்துக் கீரை, கத்தரி, மிளகாய் போட்டு டர்பன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஆற்று வண்டல் நல்ல மண். அதே ஆறு எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குள் வரும். 1905-இல் பக்கத்து உம்பிலோ ஆறு பெருகி, கரையில் நம்மவர்கள் கட்டியிருந்த கோயிலையே கொண்டுபோனது. 1917 அக்டோபரில் உம்கேனி. ஸ்பிரிங்ஃபீல்டில் தகரத்தாலும் பலகையாலும் கட்டிய டின் டவுன் குடியிருப்பு ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கியது. கூரைமேலும் மரத்திலும் ஆட்கள் தொங்கினார்கள்.

அப்போது மீன்பிடித் தொழிலாளர்கள் ஆறு பேர் படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்தில் இறங்கினார்கள். மாரிமுத்து படவட்டனும் கூட்டாளிகளும். ‘படவட்டன் ஆறு பேர்’ என்றுதான் அவர்களை இங்கே இன்றும் சொல்கிறார்கள். திரும்பத் திரும்பப் போய் 176 உயிர்களைக் கரை சேர்த்தார்கள். இயன் பிளேயர் டூசியில் இறங்குவதற்கு 34 ஆண்டுகள் முன்பு. எந்தத் துடுப்பு விளையாட்டு வரலாற்றிலும் இந்தச் சம்பவம் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை, அது போட்டி இல்லை. ஆனால் மரமும் கூரையும் மாடும் மிதந்து வருகிற நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டிப் படகைக் கொண்டுபோய், கூரையில் மோதாமல் நிறுத்தி, ஆளை ஏற்றி, மறுபடி குறுக்கே வருவது என்றால் என்ன வித்தை என்று, இன்று ஒரு சின்னக் கல்லணையில் கவிழாமல் இறங்கவே பயிற்சி எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் புரிகிறது. உம்கேனியில் படகு விடத் தெரிந்தவர்கள் என்று யாரையாவது பட்டியல் போட்டால் அந்த ஆறு பேரை முதலில் எழுதுவேன்.

மாமியாருக்கு இந்தக் கதை அவர் தாத்தா சொல்லித் தெரியும். வெள்ளத்தில் செத்தவர்களின் பெயரும் சேர்த்துத்தான் தாத்தா சொல்லியிருக்கிறார். அதனால், “அந்த ஆத்துல வேணும்னே யாராச்சும் எறங்குவாங்களாம்மா?” என்று அவர் கேட்பதற்கு நான் பதில் சொல்வதில்லை.

அப்புறம் 1950-இல் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த நிறத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். அடுத்த ஆண்டு டூசி தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்த எட்டு வெள்ளைக்கார இளைஞர்கள் சாகசம் தேடி ஆற்றில் இறங்கிய அதே காலத்தில், ஆற்றங்கரையில் பயிர் வைத்தவர்களைக் கரையைவிட்டு ஏற்ற ஏற்பாடு ஆகிக்கொண்டிருந்தது. மாமியாரின் வீடு சாட்ஸ்வர்த்துக்குப் போனது. டின் டவுனில் மிச்சமிருந்தவர்களை 1976 வெள்ளத்துக்குப் பிறகு ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். படகு கிளப், அணைக்கட்டு ஏரி, கடற்கரை எல்லாவற்றிலும் யார் எங்கே இறங்கலாம் என்பதைத் தோல்நிறம் முடிவு செய்த காலம். “நம்ம பிள்ளைகளுக்குத் துடுப்பில் ஆர்வம் இல்லை” என்று ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு தலைமுறையைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் வைத்துவிட்டு ஆர்வத்தை எங்கே தேடுவது?

இந்த விஷயத்தில் பள்ளத்தாக்கு ஜூலு பிள்ளைகள் எங்களை முந்திவிட்டார்கள். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற அந்தப் பகுதிக்குள்தான் போட்டியின் பெரும்பகுதி நடக்கிறது. பல வருஷம் அங்குள்ள பிள்ளைகள் கரையில் நின்று கையாட்டியவர்கள். குன்று ஏறி ஓடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, இல்லாதது படகு மட்டும். டூசியை ஏழு முறை வென்ற மார்ட்டின் டிரையர் அங்கே ‘சேஞ்ச் எ லைஃப்’ என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கினார். படகு, துடுப்பு, பயிற்சி, போக்குவரத்து எல்லாம் கிடைத்தன. 2008-இல் டிரையரோடு ஒரே படகில் மைக்கேல் ம்பன்ஜ்வா வென்றார், டூசியை வென்ற முதல் கறுப்பினத்தவர். 2014-இல் ஸ்பொனேலோ க்வேலா, ஆண்டி பெர்கெட்டோடு சேர்ந்து வென்றார். இப்போது முன்வரிசைப் படகுகளில் பள்ளத்தாக்குப் பெயர்கள் சர்வ சாதாரணம். போப்-எல்லிஸ் உழைத்துக் கண்டுபிடித்த ஒற்றையடிப் பாதைகள் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பாதைகள்!

ஆனாலும் செலவு செலவுதான். எங்கள் வீட்டுப் பெண் வைத்திருப்பது கிளப்பில் இரண்டாம் கையாக வாங்கிய படகு. முந்தைய சொந்தக்காரர் ஒட்டிய ஒட்டுகளை எண்ணினாலே அது எத்தனை பாறை பார்த்தது என்று தெரியும். துடுப்பு தனி. மிதவைச் சட்டை கட்டாயம். ஸ்பிளாஷி, அதாவது இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடுகிற துணி, தனி. டூசியில் முதன்முறை இறங்குகிறவர்கள் அதற்கு முன் சின்னச் சின்ன ஆற்றுப் பந்தயங்களை முடித்துத் தகுதி பெற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், பெட்ரோல். ஒரு விளையாட்டு வளர்ந்ததா என்று பார்க்க நான் பதக்கத்தை எண்ண மாட்டேன். பழைய படகு என்ன விலைக்குப் போகிறது, கிளப் கொட்டகைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பேன்.

*

முதல் நாள் டூசி பாலத்தில் முடிகிறது, இரண்டாம் நாள் இனாண்டா அணையில். ராத்திரி முகாமில் பாட்டும் பிராயும் ஒரு பக்கம், பிராய் என்றால் கரியடுப்பில் இறைச்சி வாட்டுவது. இன்னொரு பக்கம் படகு ஆஸ்பத்திரி. எங்கள் படகுக்கு வயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். ஃபைபர் கிளாஸ் ஈரமாக இருந்தால் எதுவும் ஒட்டாது. முதலில் துணியால் துடைத்து, காஸ் அடுப்பைத் தூரத்தில் பிடித்து, கை வைத்தால் சுடாத அளவுக்குச் சூடு காட்டி உலர்த்த வேண்டும். அப்புறம் உப்புத்தாள். அப்புறம்தான் டேப். ஒரு அடுக்கு நீளவாக்கில், மேலே குறுக்கே இன்னொன்று, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி. பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் ஒருவர் டார்ச் பிடித்தபடி ஆப்பிரிக்கான்ஸில் என்னவோ அறிவுரை சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் டேப்பின் மூலைகளை அவர் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிட்டது நல்ல யோசனை. கூரான மூலையைத் தண்ணீர் சீக்கிரம் உரித்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதுதான் சட்டம். கடைகளில் விற்கிற இனிப்பு ஜெல்லை இரண்டு நாளைக்கு மேல் யாராலும் விழுங்க முடிவதில்லை. வியர்வையில் போன உப்பும் திரும்ப வேண்டும். எலுமிச்சை சாதத்தில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, கடலைப்பருப்பைத் தவிர்த்து, ஏனென்றால் ஓடும்போது தொண்டையில் சிக்கும், நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பேன். வெயிலிலும் கெடாது. நேகல் அணைப் பெண்ணுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குதான் மற்ற எல்லாக் குழுவிலும். அதுவும் சரிதான், ருசி கிடையாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பாதையில் ஒரு ஏற்றம் வரும், பெயர் பர்மா ரோடு. 1942-இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த தஞ்சை ஜில்லாக்காரிக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் என்ன நினைவு வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றமும் பெயருக்குக் குறைச்சல் இல்லாதது. அதை முடித்து இறங்கினால் கடைசியில் ப்ளூ லகூன், உம்கேனியின் முகத்துவாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்மவர்கள் காரை வரிசையாக நிறுத்தி, பன்னி சோவை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியதை, பிரித்துவைத்து, தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் என்று டர்பனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு அந்தப் படகுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டூசியில் இறங்கியவர்களுக்கு வருகிற வயிற்றுப்போக்குக்கே ‘டூசி கட்ஸ்’ என்று தனிப் பெயர் உண்டு. சாக்கடைக் குழாய்கள் உடைந்து ஆற்றில் கலப்பது புதுசு இல்லை. 2019 ஆகஸ்டில் மாரிட்ஸ்பர்கின் ஒரு எண்ணெய் ஆலையிலிருந்து சமையல் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ஓடை வழியாக டூசியில் கலந்து மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்தன. இனாண்டா அணையில் ஆகாயத்தாமரை மண்டினால் படகு நகராது. டூசி-உம்கேனிப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் கரையோர ஊர் ஆட்களை வைத்து ஆற்றைத் துப்புரவு செய்கிறார்கள், அது ஓயாத வேலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது என் மாமியார் டி.வி.யை அணைக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு பக்கம், போட்டி நடக்கிற மூன்று நாளும் அணைகளிலிருந்து கணக்குப் பண்ணித் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். கரையில் குழாயில் தண்ணீர் வராத ஊர்கள் இருக்கும்போது இது நியாயமா என்று கேட்பவர்களும் உண்டு. திறக்கிற நீர் கீழே அடுத்த அணைக்கோ கடலுக்கோதான் போகிறது, குழாய்ப் பிரச்சினை வேறு என்பார்கள் கிளப்காரர்கள். இரண்டு தரப்பும் சொல்வது அவரவர் அளவில் சரி. எனக்கு முதல் கேள்விதான் நெஞ்சில் நிற்கிறது. நேகல் அணைப் பெண்ணின் வீட்டிலும் குழாய் பாதி நாள் காற்றுதான் விடுகிறது.

டூசியில் இரட்டைப்படை ஆண்டு கே-2, ஒற்றைப்படை ஆண்டு கே-1. அடுத்தது ஒற்றைப்படை. இரண்டு பெண்களும் தனித்தனிப் படகில் போக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிளப்பில் ஒரு பழைய கே-1 பேசி வைத்திருக்கிறோம். இன்னொருத்திக்கு இன்னும் கிடைக்கவில்லை. பயிற்சி மையத்தில் கேட்டால் பட்டியல் நீளமாம். அவள் குன்று ஏறுவதில் எங்கள் பெண்ணைவிட வேகம், படகு மட்டும் கிடைத்தால் முன்னால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும், எங்கள் பெண்ணுக்கும் தெரியும். கிடைத்துவிட்டால் அடுத்த சிக்கல்: இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கரைக்கு வர மாட்டார்கள், இருப்பதோ ஒரு பக்கி. வீட்டுக்காரர் தன் வேனைத் தருகிறேன் என்கிறார். மலைச் சாலையில் அதை ஓட்ட யார் இருக்கிறார்கள் என்று மாமியார் உட்பட எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.